ஸ்கிரீனுக்கு 20,000 கொடுக்கிறீங்க, வயருக்கு 1,500 கொடுக்க யோசிக்கிறீங்களா?



கார் லோன் பற்றி எப்போ பேசினாலும் ஒரு கேள்வி தவறாம வரும். "சார், டாப் வேரியன்ட்ல பெரிய டச் ஸ்கிரீன், நேவிகேஷன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் வருது. ஆனா விலை 70,000, 80,000 அதிகம். பேஸ் வேரியன்ட் வாங்கிட்டு வெளியே ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டுக்கலாமா?"

என் பதில்: தாராளமா போட்டுக்கலாம். ஒரு ஸ்கிரீனுக்காக லோன் தொகையை ஏத்தி, அதுக்கு அஞ்சு வருஷம், ஏழு வருஷம் வட்டி கட்டுறதை விட, கையில இருக்கிற காசுல 20,000 ரூபாய்க்கு ஸ்டீரியோ வாங்கிப் போடுறது நல்ல முடிவுதான். அதுல எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது அதுக்கு அடுத்து நடக்கிற பேரத்துல. ஸ்கிரீன் எத்தனை இன்ச், ரேம் எவ்வளவுன்னு ஒரு வாரம் யூடியூப் பார்த்து ஆராய்ச்சி பண்ற நாம, கடையில போய் நின்ன அஞ்சாவது நிமிஷம் ரெண்டு விஷயத்தை விட்டுக் கொடுத்துடறோம். ஒண்ணு வயரிங், இன்னொண்ணு பில். பின்னாடி காசு போறது பெரும்பாலும் இந்த ரெண்டு ஓட்டை வழியாத்தான். ஒரு சிஏ எதுக்கு வயர் பற்றிப் பேசுறார்னு நினைக்காதீங்க, வயர்ல ஆரம்பிக்கிற பிரச்சினை பேட்டரி, வாரண்டி, இன்சூரன்ஸ்னு கடைசியில நம்ம பர்ஸுக்குத்தான் வந்து சேருது.

டாஷ்போர்டுக்குப் பின்னாடி என்ன நடக்குது?

எந்த ஸ்டீரியோ வாங்கினாலும் பின்னாடி ஒரு கத்தை வயர் இருக்கும். அதுல மூணு வயரைப் புரிஞ்சுக்கிட்டா போதும். வெளியே விற்கிற ஸ்டீரியோக்கள்ல பொதுவா மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்பவும் கரண்ட் வர்ற லைனுக்கு. நேரம், நீங்க செட் பண்ணி வெச்ச ரேடியோ ஸ்டேஷன் எல்லாம் மறக்காம இருக்க இது வேணும். சிவப்பு வயர் சாவியைத் திருப்பினா மட்டும் கரண்ட் வர்ற ஏசிசி லைனுக்கு. கறுப்பு வயர் எர்த்.

இந்த வயர்களைக் காரோட ஒரிஜினல் வயரிங்ல சேர்க்க ரெண்டு வழி இருக்கு. முதல் வழி, உங்க கார் மாடலுக்குன்னே வர்ற கப்ளர். ஒரு பக்கம் கார் சாக்கெட்ல மாட்டும், இன்னொரு பக்கம் ஸ்டீரியோவுல மாட்டும். கம்பெனி வயரிங்ல ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம். ரெண்டாவது வழி, கம்பெனி சாக்கெட்டை வெட்டி எறிஞ்சுட்டு, வயரைச் சீவி, முறுக்கி, மேல இன்சுலேஷன் டேப் சுத்துறது. வேலை முடிஞ்சு பேனலை மூடிட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஸ்கிரீன் எரியும், பாட்டு பாடும்.

ஆனா நம்ம ஊர் வெயில்ல, நிறுத்தி வெச்ச காரோட டாஷ்போர்டு எவ்வளவு சூடாகும்னு உங்களுக்கே தெரியும். அந்தச் சூட்டுல டேப்போட பசை இளகும், டேப் மெல்ல நழுவும். வண்டி ஓடும்போது வர்ற அதிர்வுல முறுக்கின ஜாயின்ட் தளரும். வேலை முடிஞ்ச அன்னைக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பிரச்சினை சில மாசம் கழிச்சு வரும். அப்போ அந்த எலக்ட்ரீஷியன் அந்தக் கடையில இருப்பாரான்னு சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை கணக்கு

அடிக்கடி வர்ற புகார் இது: "வெள்ளிக்கிழமை நல்லா ஓடுன வண்டி, திங்கட்கிழமை காலையில செல்ஃப் எடுக்கல."

காரணம் பல சமயம் எளிமையானது. புதுக் கார்கள் சிலதுல ஸ்டீரியோ சாக்கெட்டுக்குத் தனியா ஏசிசி லைன் வராது. சாவி திருப்பின தகவலே கேன் பஸ்ங்கிற டேட்டா லைன் வழியா போகும். அதைப் படிக்க ஒரு டீகோடர் பாக்ஸ் தேவை. அது இல்லைன்னா, இல்ல ஏசிசி லைனைத் தேட நேரம் இல்லைன்னா, சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து ஒரே பேட்டரி லைன்ல முறுக்கிடுவாங்க. ஸ்டீரியோ வேலை செய்யும். ஆனா வண்டியைப் பூட்டின பிறகும் அது முழுசா தூங்காது.

இதை நம்பர்ல பார்ப்போம். சின்ன கார்ல 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரின்னு வெச்சுக்குவோம். எல்லாம் சரியா இருக்கிற கார் நிறுத்தி இருக்கும்போது சுமார் 0.05 ஆம்பியருக்குள்ளதான் இழுக்கணும். வெள்ளி இரவு 8 மணியிலிருந்து திங்கள் காலை 8 மணி வரைக்கும் 60 மணி நேரம். 60 × 0.05 = 3 ஆம்பியர்-ஹவர். பேட்டரிக்கு இது தூசு. இதே வண்டியில தூங்காத ஸ்டீரியோ ஒண்ணு 0.4 ஆம்பியர் இழுத்தா? 60 × 0.4 = 24. முப்பத்தஞ்சுல 24 காலி. மிச்சம் 11-ஐ வெச்சு ஸ்டார்டர் மோட்டாரைச் சுத்த வைக்கிறது கஷ்டம், பேட்டரி கொஞ்சம் பழசா இருந்தா சான்ஸே இல்லை.

அதோட முடிஞ்சா பரவாயில்லை. கார் பேட்டரி ஸ்டார்ட் பண்ற அந்தச் சில விநாடிக்குப் பெரிய கரண்ட் கொடுக்கத்தான் செஞ்சது. அடிக்கடி அடி வரைக்கும் வடிய விட்டா அதோட ஆயுள் குறையும். பேட்டரி வாரண்டியில போய்க் கேட்டா, "தயாரிப்புக் குறை இல்லை, சார்ஜ் இறங்கி இருக்கு அவ்வளவுதான்" என்று சொல்லிச் சார்ஜ் போட்டுத் திருப்பித் தருவாங்க. நாமளும் பேட்டரியைக் குறை சொல்லிட்டுப் புது பேட்டரி வாங்குவோம். ஓட்டை வாளியில தண்ணி ஊத்துற கதைதான்.

ஃபியூஸ் யாரைக் காப்பாத்துது?

ஃபியூஸ் ஸ்டீரியோவைக் காப்பாத்தத்தான் இருக்குன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. முதல்ல அது காப்பாத்துறது வயரை. ஒரு லைன்ல 10 ஆம்பியர் ஃபியூஸ் இருக்குன்னா, அந்த லைன்ல இருக்கிற வயரோட தடிமனுக்கு அதுதான் பாதுகாப்பான எல்லைன்னு கம்பெனி முடிவு பண்ணியிருக்குன்னு அர்த்தம்.

இப்போ அந்த ஒரே லைன்ல ஸ்டீரியோ, கேமரா, டேஷ்கேம், ஆம்பியன்ட் லைட்டுன்னு எல்லாத்தையும் கோர்த்து விட்டா ஃபியூஸ் போகும். போகத்தான் வேணும், அதுதான் அதோட வேலை. ஆனா தீர்வா 10 இருந்த இடத்துல 20 போட்டா என்ன ஆகும்? ஏதாவது ஷார்ட் ஆனா ஃபியூஸ் உருகறதுக்கு முன்னாடி வயர் சூடேறும். அந்த வயரோட பிளாஸ்டிக், பக்கத்து வயர், பேனல்னு போகக்கூடியது அந்தச் சூடு. கார் தீப்பிடிக்கிறதுக்கு இப்படியும் ஒரு வழி இருக்கு. "ஃபியூஸ் அடிக்கடி போகுதா? பெரிசா போட்டுடலாம்" என்று யார் சொன்னாலும், மரியாதையா நன்றி சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. ஆம்ப்ளிஃபையர், சப்வூஃபர் வைக்கிறதா இருந்தா அதுக்கு பேட்டரியிலிருந்து தனி வயர் வேணும், பேட்டரி பக்கத்துலேயே தனி ஃபியூஸும் வேணும்.

இன்னொரு எச்சரிக்கை. டாஷ்போர்டு உள்ளே மஞ்சள் உறையும் மஞ்சள் கனெக்டரும் போட்டு வர்ற வயரிங் பொதுவா ஏர்பேக்குக்கு உரியது. ஸ்டீரியோவோட மஞ்சள் வயருக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. ஸ்டீரியோ போட்ட பிறகு மீட்டர்ல ஏர்பேக் விளக்கு எரிஞ்சா "போகப் போக அணைஞ்சிடும்" என்ற பதிலை ஏத்துக்காதீங்க.

சின்ன அறிகுறிகளைக் கவனிங்க

இதெல்லாம் வயரிங் உங்ககிட்ட பேசுற பாஷை:

* ஒவ்வொரு முறை ஸ்டார்ட் பண்ணும்போதும் நேரமும் ஸ்டேஷனும் அழிஞ்சு போகுதா? எப்பவும் கரண்ட் வர வேண்டிய மஞ்சள் வயர் சரியா சேரலை.
* ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கர்ல "ஙொய்" சத்தம் ஏறுதா? பெரும்பாலும் எர்த் பிரச்சினை.
* முன்னாடி தெளிவா கேட்ட எஃப்எம் இப்போ இரைச்சலா? சில கார்கள்ல ஆன்டெனாவுக்கே தனியா கரண்ட் கொடுக்கணும். அது விட்டுப் போயிருக்கலாம்.
* பாட்டுல பேஸ் காணோமா? ஒரு ஸ்பீக்கரோட பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம்.
* மேப்ல நீங்க மேம்பாலத்துல போறீங்க, அது பக்கத்துத் தெருவுல காட்டுதா? ஜிபிஎஸ் ஆன்டெனாவை உலோகத் தகட்டுக்கு அடியில சொருகி விட்டிருக்காங்களான்னு பார்க்கச் சொல்லுங்க. அதுக்கு வானம் தெரியணும்.

இதுல எதுவுமே ஸ்டீரியோ பழுது ஆகாது. ஆனா நாம "மட்டமான பீஸ்" என்று யூனிட்டையே மாத்தக் கிளம்பிடுவோம்.

வாரண்டி: வெட்டின வயர் அவங்க பக்கச் சாட்சி

புது காருக்கு வெளியே ஸ்டீரியோ போட்டா மொத்த வாரண்டியும் போயிடுமா? பயமுறுத்துறதுக்கு அப்படிச் சொல்லுவாங்க. 2014-ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகள் மீதான வழக்குல ஒரு உத்தரவு போட்டது. வெளி மெக்கானிக்கிட்ட போனார்ங்கிற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து பண்ணக் கூடாது. வெளியே செஞ்ச தப்பான வேலையால என்ன சேதம் வந்ததோ, அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம்னு அது சொன்னது. அந்த வழக்கு மேல்முறையீட்டுக்கும் போனது, அதனால இதைக் கையில வெச்சுக்கிட்டு சர்வீஸ் சென்டர்ல சண்டை போடச் சொல்லலை. ஆனா அதுல இருக்கிற நியாயம் எளிமையானது: எந்த வேலையால எந்தச் சேதம்?

இந்தக் கேள்விக்கு உங்க பதில் என்ன? கப்ளர் போட்டிருந்தா கழட்டிக் காட்டலாம், "உங்க வயரிங்கை யாரும் தொடலை பாருங்க." வெட்டி முறுக்கியிருந்தா, நாளைக்கு பவர் விண்டோ வேலை செய்யலைன்னாலும் அந்த டேப் சுத்தின ஜாயின்ட்டைத்தான் முதல்ல போட்டோ எடுப்பாங்க. உண்மையான காரணம் வேறயா இருந்தாலும், நிரூபிக்கிற வேலை உங்க தலையில விழும்.

இன்சூரன்ஸ்: பாலிசியில அந்தக் காலம் காலியா இருக்கா?

உங்க மோட்டார் பாலிசியை இப்பவே திறந்து பாருங்க. ஐடிவி பக்கத்துல "எலக்ட்ரிக்கல் ஆக்சஸரீஸ்" என்று ஒரு கட்டம் இருக்கும். வெளியே ஸ்டீரியோ போட்ட பெரும்பாலானவங்களுக்கு அது பூஜ்யமா இருக்கும்னு என் ஊகம். கம்பெனி விலையில அடங்காத எலக்ட்ரானிக் பொருளைத் தனியா அறிவிச்சு, கூடுதல் பிரீமியம் கட்டினாத்தான் கவர் உண்டு. இதுக்கு ஐஎம்டி 24 என்று பெயர். பழைய மோட்டார் டாரிஃப் இதுக்கு 4% வெச்சிருந்தது. அந்த விகிதத்துல 20,000 ரூபாய் ஸ்டீரியோவுக்கு 800, அதோட 18% ஜிஎஸ்டி 144, ஆக வருஷம் 944 ரூபாய்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. வழக்கமான கார் பாலிசியோட ஓன் டேமேஜ் பகுதியில தீ விபத்தும், தானா தீப்பற்றுறதும் கவர் ஆகும் ஆபத்துகள் பட்டியல்ல இருக்கு. ஆனா "எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன்" விலக்குப் பட்டியல்ல இருக்கு. அதாவது வயரிங் கோளாறால ஸ்டீரியோ கருகிப் போச்சுன்னா பாலிசி பணம் தராது. கார் தீப்பிடிச்சா கவர் உண்டு, ஆனா சர்வேயர் வந்து காரணம் தேடுவார். வண்டியை நல்ல நிலையில பராமரிக்க வேண்டியது உங்க பொறுப்புன்னும் அதே பாலிசியில நிபந்தனை இருக்கு. அறிவிக்காத ஸ்டீரியோ, பில் இல்லை, வெட்டின வயர்... இந்த மூணும் சேர்ந்தா கிளெய்ம் கண்டிப்பா போயிடும்னு நான் சொல்லலை. ஆனா வாதாட உங்க கையில ஒண்ணுமே இருக்காது.

வருஷா வருஷம் 944 கட்டணுமா? புது கார், புது ஸ்டீரியோன்னா முதல் மூணு வருஷம் கட்டுங்கன்னுதான் சொல்வேன். அதுக்கப்புறம் ஸ்டீரியோவோட மதிப்பு குறைஞ்சிடும், உங்க விருப்பம்.

பில்: இருக்கிறதுலேயே விலை அதிகமான டிஸ்கவுன்ட்

"தம்பி, பில் வேணும்னா 2,500 எக்ஸ்ட்ரா ஆகும், எதுக்கு வீணா?" இந்த வசனத்தைக் கேட்காதவங்க கம்மி. நாமளும் "சரிண்ணே, வேண்டாம்" என்று தலையாட்டிடறோம்.

அந்த 2,500-க்கு நாம எதை விற்கிறோம்? யூனிட் வாரண்டியை. இன்சூரன்ஸ்ல மதிப்பைக் காட்டும் ஆதாரத்தை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது இருக்கிற முதல் ஆவணத்தை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. தப்பா சர்வீஸ் செஞ்சு சேதம் உண்டாக்கினவர் மேலயும் அதே சட்டத்துல நஷ்டஈடு கேட்கலாம். நீங்க வசிக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. ரெண்டு வருஷத்துக்குள்ள கொடுக்கணும். முதல் படியா 1915 ஹெல்ப்லைன் இருக்கு.

பில்லுன்னு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தா அதையும் பாருங்க. ஜிஎஸ்டி பதிவு செஞ்ச கடைன்னா 15 இலக்க எண் இருக்கணும், தமிழ்நாட்டுல அது 33-ல தொடங்கும். ஜிஎஸ்டி போர்ட்டல்ல லாகின் இல்லாமலே அந்த எண்ணைத் தேடிக் கடைப் பெயரைச் சரிபார்க்கலாம். முக்கியமா, யூனிட்டோட சீரியல் நம்பரும், "ஃபிட்டிங் சார்ஜ்" என்று தனி வரியும் பில்லுல இருக்கணும். அந்த ஒரு வரி இல்லைன்னா, "நாங்க பொருள் மட்டும்தான் வித்தோம், மாட்டினது யாரோ" என்று சொல்ல அவங்களுக்கு வழி இருக்கு.

"நான் ஷோரூம்லயே போட்டேன், எனக்குக் கவலை இல்லை"ன்னு சொல்றவங்களுக்கும் ஒரு கேள்வி. அது கார் கம்பெனியோட ஒரிஜினல் ஆக்சஸரியா, இல்ல ஷோரூம் வெளியே வாங்கி வெளி ஆளை வெச்சு மாட்டினதா? ரெண்டாவதா இருந்தா, கார் வாரண்டி அதைத் தாங்கும்னு நீங்களா நினைச்சுக்காதீங்க. டெலிவரிக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்குங்க.

மொத்தக் கணக்கு

உதாரணத்துக்குச் சில தொகைகளை வெச்சுப் பார்ப்போம். உங்க ஊர், உங்க மாடலுக்கு ஏத்த மாதிரி மாத்திப் போட்டுக்கோங்க.

மலிவான வழி: யூனிட் 20,000 + ஃபிட்டிங் 500 = 20,500.

சரியான வழி: யூனிட் 20,000 + கப்ளர் 1,500 + ஃபிட்டிங் 1,000 + பில்லுக்கு 2,500 + முதல் வருஷ இன்சூரன்ஸ் 944 = 25,944.

வித்தியாசம் 5,444 ரூபாய். இப்போ மலிவான வழியில ஒரே ஒரு பேட்டரி போச்சுன்னா: புது பேட்டரி 4,500, ஜம்ப் ஸ்டார்ட்டுக்கு ஆள் வர 800, டாஷ்போர்டைக் கழட்டி வயரிங்கைத் திரும்பச் செய்ய 2,500. மொத்தம் 7,800. மிச்சம் பிடிச்சதுக்கு மேல 2,356 போயாச்சு. லீவு போட்ட நாள் இதுல சேரலை. கம்பெனி வயரிங் ஹார்னஸையே மாத்தணும்னு வந்தா இந்தக் கணக்கையே கிழிச்சுப் போட வேண்டியதுதான். சரியான வழியில போனாலும் 7,800-க்கு மொத்தமா 5,444 தான் அதிகச் செலவு, பாதுகாப்பும் பேப்பரும் கூட வருது.

தப்பு ஃபிட்டர் மேல மட்டுமா?

இல்லைன்னுதான் சொல்வேன். அருமையா வேலை தெரிஞ்ச எலக்ட்ரீஷியன்கள் நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. ஆனா 20,000 ரூபாய் ஸ்கிரீனை ஒரு பைசா குறைக்காம வாங்கிட்டு, மாட்டுற கூலியில "அண்ணே, 500-ஐ 300 ஆக்கிக்கோங்க" என்று நிக்கிறது நாமதான். "அரை மணி நேரத்துல முடிச்சிடுங்க, ஆபீஸ் போகணும்" என்று அவசரப்படுத்துறதும் நாமதான். அந்தக் கூலிக்கு, அந்த நேரத்துக்கு, முறுக்கி டேப் சுத்துறதுதான் அவரால முடியும். நல்ல கூலி கொடுங்க, நல்ல வேலையைக் கேளுங்க.

அதனால அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்த அஞ்சையும் கேளுங்க:

1. என் மாடலுக்குக் கப்ளர் இருக்கா? கேன் பஸ் டீகோடர் தேவையா, விலையில அடக்கமா?
2. கம்பெனி வயர் எதையாவது வெட்டுவீங்களா? வெட்டித்தான் ஆகணும்னா, சால்டர் வெச்சு ஹீட் ஷ்ரிங்க் போடுவீங்களா?
3. ஃபியூஸ் அளவை மாத்த மாட்டீங்கதானே?
4. சீரியல் நம்பர், ஃபிட்டிங் சார்ஜோட பில் தருவீங்களா?
5. வண்டியைப் பூட்டின பிறகு எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு மீட்டர் வெச்சுக் காட்டுவீங்களா?

அஞ்சாவது கேள்விக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். பூட்டிக் கொஞ்ச நேரம் விட்டு, காரோட எலக்ட்ரானிக்ஸ் தூங்கின பிறகு பார்க்கணும். பேனலை மூடுறதுக்கு முன்னாடி ஜாயின்ட்டுகளை போன்ல நாலு போட்டோ எடுங்க. பில்லோட சேர்த்து மெயில்ல போட்டு வைங்க.

உங்க மாடலுக்குக் கப்ளரே கிடைக்கலை, பில்லும் தர மாட்டேங்கிறாங்கன்னா? போன் ஹோல்டர் ஒண்ணு வாங்கி மாட்டுங்க. மேப் போன்லயே ஓடும். அந்த 20,000-ஐ எமர்ஜென்சி ஃபண்ட்ல போடுங்க. நல்ல கடை கிடைக்கிற வரைக்கும் அங்க இருக்கட்டும்.